கறுத்த இமையின் மேல் சுமத்திய பழி

மணப்பெண் கறுத்த பெண் என்றால், கண்ணைச் சுற்றிக் கருநிறத்தைப் புகை போல மங்கவிடும் ஸ்மோக்கி ஐ கூடாது. பீச் நிறம், ரோஸ் நிறம், மேலே கொஞ்சம் தங்கத் தூள், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தெல்தெனியவிலிருந்து ஹுன்னஸ்கிரிய வரை கல்யாண அலங்காரத்துக்காக நான் ஏறி இறங்கும் வீடுகளில் இந்தத் தீர்ப்பைச் சொல்லாத வீடு குறைவு. கண்டி டவுனில் தொழில் பழகி வரும் பிள்ளைகளும் இதை ஒரு விதியாகவே மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். கரி, சாம்பல், காப்பி, செம்பு என்று நிறங்களை அடுக்கிய புதிய ஸ்மோக்கி பேலட் ஒன்று ஃபேன்சி கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்ததிலிருந்து அந்தப் பேச்சு இன்னும் பலத்துவிட்டது. வெள்ளையாக இருப்பவர்களுக்கு அபாரமாக இருக்கிறது, நமக்குப் போட்டால் சாம்பல் பூத்துப் போகிறது, ஆகவே ஸ்மோக்கி நமக்குச் சரிப்படாது என்கிறார்கள்.

சாம்பல் பூப்பது உண்மை. அதை வைத்து எடுக்கும் முடிவுதான் தவறு. குற்றம் செய்தது பேலட் தட்டு; தண்டனை தோலுக்கு. பல காலமாக இப்படியே நடந்துவருவதால் இது இயற்கை நியதி போல ஆகிவிட்டது. நான் மறுப்பது இதைத்தான்.

எதிர்த் தரப்பு சொல்வதை அதன் முழுப் பலத்தோடேயே எடுத்துக்கொள்வோம். அவர்களிடம் நான்கு வாதங்கள் உண்டு. கறுப்பின் மேல் கறுப்பு எடுபடாது என்பது முதலாவது. நம் பெண்களுக்குக் கண்ணடியில் கருவளையம் அதிகம், ஸ்மோக்கி போட்டால் நோயாளி போலத் தெரியும் என்பது இரண்டாவது. இது வெள்ளைக்காரர் பழக்கம், நம் முகலட்சணத்துக்கு ஒவ்வாது என்பது மூன்றாவது. கொழுந்து பறிக்கிறவர் மகளுக்கு இந்தச் செலவெல்லாம் எதற்கு என்பது நாலாவது. இந்த நாலாவதை வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் மற்ற மூன்றுக்கும் அடியில் கிடப்பது அதுதான்.

முதல் வாதத்துக்கு வருகிறேன். "கறுப்புல கறுப்பு பூசினா என்னா மிஸ் தெரியும்?" என்று பெண்ணின் அம்மா கேட்கும்போது அவர் குறும்பாகக் கேட்பதில்லை, கவலையோடு கேட்கிறார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் பேலட்டின் குழிக்குள் இருக்கிறது. அந்தக் குழியில் இருப்பது முழுவதும் நிறம் இல்லை. டால்க்கும் மைக்காவும்தான் அதன் பெரும்பகுதி. தூள் கட்டி நிற்க ஒரு பிணைப்புப் பொருள் சேர்ப்பார்கள். இவற்றுக்குள்தான் நிறமி கலந்திருக்கிறது. பழுப்பும் செம்மையும் மஞ்சளும் பெரும்பாலும் இரும்பு ஒக்சைடுகளிலிருந்து வருகின்றன. நிறத்தை வெளிறச் செய்யவும் அடியில் உள்ளதை மறைக்கவும் டைட்டேனியம் டையொக்சைடு சேர்க்கிறார்கள். அது அப்பட்டமான வெள்ளை. வெளிர் தோலில் டால்க்கும் இந்த வெள்ளையும் தோலோடு தோலாகக் கலந்துவிடும், நிறம் மட்டும் கண்ணுக்குத் தெரியும். கறுத்த தோலில் நிறமி தேய்ந்து பரவியதும் வெள்ளை மேலே மிதக்கும். நாம் சாம்பல் என்று சொல்வது இந்த வெள்ளையைத்தான்.

இதைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம். எல்லோரும் முன்கையின் உட்பக்கத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்க்கிறார்கள். வெயில் அதிகம் படாத, வெளிறிய இடம் அது. அங்கே எந்தப் பேலட்டும் பாஸாகிவிடும். கையைத் திருப்பி விரல் மூட்டின் மேல், தோல் கறுத்துச் சுருங்கிய இடத்தில் தடவிப் பாருங்கள். மட்டமான கரி நிறம் தொட்ட மாத்திரத்தில் கன்னங்கரேலென்றுதான் இருக்கும். மறு விரலால் ஓரத்தை மெல்லத் தேய்த்து மங்கவிடுங்கள். நாலைந்து தேய்ப்பில் கறுப்பு விலகி, விடிந்த பின் விறகடுப்பில் கிடக்கும் சாம்பல் போல ஒரு வெளிறல் வரும். நல்ல நிறமி நிறைந்த தட்டில் அப்படி வராது. தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு காப்பியாகும், காப்பி தோலின் நிறத்துக்குள் இறங்கும், எங்கே முடிந்தது என்று தெரியாது. ஸ்மோக்கி ஐ என்ற அலங்காரத்தின் உயிரே அந்த முடிவு தெரியாத ஓரம்தான். வெளிர் தோல்காரர்கள் அந்த ஓரத்தை வரவழைக்க மூன்று நான்கு இடை நிறங்களைப் படிப்படியாக வைக்க வேண்டும். கறுத்த இமைக்கு அந்த இடை நிறங்களில் பாதி இயல்பாகவே அமைந்திருக்கிறது. எது குறை என்று இவ்வளவு நாள் சொன்னார்களோ அதுவே இந்த அலங்காரத்துக்கு மூலதனம்.

கறுத்த இமையில் வெறும் கறுப்பை அப்பினால் கண் குழிந்து தெரியும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அது எந்தத் தோலிலும் அப்படித்தான். அப்புவது அலங்காரம் இல்லை. முதலில் செங்கல் சிவப்பு கலந்த காப்பி நிறத்தை இமை மடிப்பில் பிரஷ்ஷால் அழுத்தி வைக்க வேண்டும். அதன் மேல் கத்தரிப்பூ நிறமோ கரும்பச்சையோ மெல்லிய படலமாக ஏற வேண்டும். கறுப்பு இமை மயிர் வேரை ஒட்டி மட்டும், கடைக்கண்ணில் கொஞ்சம் தடித்து. பிறகு நிறம் தொடாத சுத்தமான பிரஷ்ஷால் ஓரத்தை மேல்நோக்கித் துடைத்துவிட வேண்டும். கடைசியில் ஈர விரலால் செம்புத் தூளை எடுத்து இமையின் நடுவில் ஒரே ஒரு தட்டு. பெண் கண்ணை மூடித் திறக்கும்போது அந்தச் செம்பு ஒரு கணம் பளிச்சென்று தெரிந்து மடிப்புக்குள் போய்விடும். ஹுன்னஸ்கிரியவில் பாதி நாள் மூடுபனி. அந்த வெளிச்சத்தில் பீச்சும் ரோஸும் கரைந்து முகம் வெறிச்சென்று ஆகிவிடுகிறது. ஆழமான நிறம்தான் கண்ணைத் தாங்கி நிற்கிறது.

போட்டோவில் நன்றாக விழாது என்பது இந்த வாதத்தின் கிளை. அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. நிறப் படச் சுருள் வந்த காலத்தில், பிரதி எடுக்கும் கடைகள் நிறத்தைச் சரிபார்க்க கொடாக் நிறுவனம் ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைப் பெண். அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பதே அளவுகோல். அந்த அளவுகோலில் கறுத்த முகங்கள் இருளில் மூழ்கின. மருத்துவத்திலும் இதே கதைதான். தோமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் தோல் வகைகளை வரிசைப்படுத்தியபோது அவர் மனதில் இருந்தது வெள்ளைத் தோல். பழுப்புக்கும் கறுப்புக்கும் உரிய 5ஆம், 6ஆம் வகைகள் பிறகுதான் சேர்ந்தன. அலங்காரச் சந்தையில் அர்பன் டிகே நிறுவனத்தின் 'நேக்கட் ஸ்மோக்கி' பேலட் 12 நிறங்களோடு 2015இல் வந்தது. சாம்பலும் கரியும் வெளிர் மினுக்கமும் கலந்த அந்த வகை அடுக்குகளைத்தான் மலிவு நிறுவனங்கள் இன்றுவரை பார்த்துச் செய்கின்றன. பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 2017இல் 40 நிறத்தில் ஃபவுண்டேஷன் கொண்டுவந்ததும் மற்ற நிறுவனங்கள் அவசர அவசரமாகத் தங்கள் வரிசையை நீட்டின. செய்ய முடியாமல் இருந்த காரியம் இல்லை அது, செய்ய மனம் இல்லாமல் இருந்த காரியம். ஜமைக்கா வம்சாவளியில் இங்கிலாந்தில் பிறந்த பாட் மெக்ராத், கறுத்த தோலிலும் பிசிறாமல் நிற்கும் நிறங்களுக்குப் பேர்போன ஒப்பனைக் கலைஞர். 2021இல் அவருக்கு அந்நாட்டின் டேம் பட்டமே கிடைத்தது. அவர் கையில் எடுபடும் கறுப்பு நம் கையில் ஏன் எடுபடாது?

இரண்டாவது வாதம் கருவளையம். தெற்காசியப் பெண்களுக்குக் கண்ணடியில் நிறம் கூடுவது சகஜம். பரம்பரையும் தூக்கமின்மையும் இரும்புச் சத்துக் குறைவும் அதில் சேரும். விடியக் காலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டு பல்லேகல தொழிற்பேட்டைக்கு பஸ் ஏறும் பெண்ணின் கண்ணடி கறுத்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் இதற்கு மாற்று பீச் நிற இமை இல்லை. இமையை வெளிற வைத்தால் கீழே இருக்கும் கறுப்பு இன்னும் எடுத்துத்தான் தெரியும். கருவளையத்தின் நீலச் சாயலை ஆரஞ்சு, சிவப்பு நிறம் அடக்கிவிடும். அமெரிக்காவில் வளர்ந்த இந்திய வம்சாவளிப் பெண்ணான தீபிகா முத்யாலா 2015இல் தன் கண்ணடியில் சிவப்பு லிப்ஸ்டிக்கைத் தடவி, மேலே கன்சீலர் போட்டுக் காட்டிய வீடியோ உலகெங்கும் பரவியது. கையில் இருக்கிற ஒரு லிப்ஸ்டிக்கால் தீர்கிற விஷயம் இது. கீழிமையில் நிறத்தைக் குறைத்து, மேலிமையில் ஆழத்தை வைத்தால் பார்க்கிறவர் கண் மேலே போகும். கருவளையம் ஸ்மோக்கிக்குத் தடை என்பவர்கள் அதைச் சரியாகப் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, வெள்ளைக்காரர் பழக்கம் என்பது. வெள்ளைக்காரருக்கே இது கடனாக வந்தது. 1917இல் வெளிவந்த 'கிளியோபாட்ரா' என்ற ஊமைப் படத்தில் நடிகை தீடா பாரா கண்ணைச் சுற்றிக் கரிய மை தீட்டித் தோன்றினார். 1922இல் துட்டன்காமனின் கல்லறை திறக்கப்பட்டதும் எகிப்தியக் கண் மேற்கு நாடுகளில் பெரும் மோகமானது. எகிப்திலும் அரபு நாடுகளிலும் நம் நாடுகளிலும் அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே கண்ணுக்கு மை உண்டு. திருப்பாவையில் ஆயர் சிறுமியர் நோன்புக்காகக் கைவிடும் காரியங்களில் மை தீட்டுவதும் ஒன்று. நோன்பு நாளில் விட்டார்கள் என்றால் மற்ற நாளில் தீட்டினார்கள் என்றுதானே அர்த்தம்? மார்கழி அதிகாலையில் தோட்டத்துக் கோவிலில் அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள், கறுத்த கண்ணிமையைப் பார்த்ததும் இது நம்முடையது இல்லை என்பது எப்படி?

மலையகத்தின் சொந்தக் கலையைப் பாருங்கள். மாசி மாதம் காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில் ரதி வேடம் கட்டுபவர் வழக்கமாக ஓர் ஆண். பகலெல்லாம் வெயிலிலும் மழையிலும் மலையில் நின்று கறுத்த முகம். அந்த முகத்தில் புருவத்தை வரைந்து, கண்ணைச் சுற்றிக் கறுப்பைத் தடிப்பாக இழுத்துத்தான் தப்புச் சத்தத்துக்கு இறங்குகிறார். கடைசி வரிசையில் நிற்கிற கிழவிக்கும் ரதியின் கண்ணில் அழுகை தெரிகிறது. கறுப்பின் மேல் கறுப்பு எடுபடாது என்று அங்கே யாரும் சொன்னதில்லை. கோவிலில் கருங்கல் அம்மனுக்குக் கண் திறக்கிறோம், கண்மலர் சாத்துகிறோம். கருநிறத்தில் கண் எவ்வளவு பேசும் என்று அறிந்தவர்கள் வைத்த முறை அது. சீகிரியாவில் 5ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட சுவரோவியங்களிலும் பொன்னிறப் பெண்ணும் கருநிறப் பெண்ணும் சேர்ந்தே நிற்கிறார்கள். அந்த ஓவியர்கள் எடுத்த காவி, இரும்பு ஒக்சைடு நிறைந்த மண். இன்றைய பேலட்டின் செங்காப்பி நிறத்தைத் தருவதும் இரும்பு ஒக்சைடுதான்.

பாட்டிமார் வீட்டில் செய்த கண்மையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்து உலர்த்தித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த தட்டில் படியும் கரியை எண்ணெயில் குழைத்தார்கள். அந்தக் கரியும் இன்று நல்ல பேலட்டுகளில் ஆழ்ந்த கறுப்பு தரும் கார்பன் பிளாக்கும் ஒரே குடும்பம். தொழிற்சாலையில் சுத்திகரித்துத் தயாரித்த கார்பன் பிளாக்கை ஐ ஷேடோவில் சேர்க்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004இல் அனுமதி கொடுத்தது. ஆனால் இதற்காக வீட்டுக் கண்மைக்கும் கடையில் விற்கும் பெயர் தெரியாத சுர்மா மைக்கும் நான் பரிந்து பேசவில்லை. வீட்டுக் கரியில் சுத்தமில்லாத சேர்மங்கள் இருக்கலாம்; சுர்மாவில் ஈயம் இருக்கலாம். அதே அமெரிக்க நிர்வாகம் கோல், சுர்மா வகைகளை அனுமதிக்காததற்கு ஈயம்தான் முக்கியக் காரணம். எதிர்த் தரப்பு இந்த ஆபத்தைச் சொல்லி எச்சரித்தால் நான் கைதட்டி ஏற்பேன். பெட்டியில் நிறுவனத்தின் பெயரோ சேர்மானப் பட்டியலோ இல்லாத பேலட்டை யாரும் கண்ணில் வைக்கக் கூடாது. ஆனால் அந்த எச்சரிக்கை எல்லாத் தோலுக்கும் பொது. கறுத்த பெண்ணை மட்டும் தனியே பிடித்து நிறுத்த அது காரணமாகாது.

இனி நாலாவது வாதம். தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவு செலவா? நாட்கூலி ஆயிரம் ரூபாயாவதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024இல்தான் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. தோட்டச் சம்பளத்தில் நல்ல பேலட் ஒன்று பல நாள் உழைப்பு என்பது எனக்கும் தெரியும். ஆனால் இதே வீடுகளில் மாதாமாதம் வெள்ளையாக்கும் கிரீம் டியூப் வாங்கக் காசு இருக்கிறது. அதை யாரும் வீண் செலவு என்பதில்லை. 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி இலங்கைக்கும் வந்து தலைமுறைகளை ஆட்டிப்படைத்தது. 2020இல் உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு பெயரை மட்டும் க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. இலங்கைச் சந்தையில் விற்ற பெயர் தெரியாத சில வெண்மைக் கிரீம்களில் பாதரசம் மிதமிஞ்சி இருந்ததைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இலங்கையும் சேர்ந்திருக்கும் மினமாட்டா உடன்படிக்கையின் கீழ், பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025க்குள் முற்றாக ஒழிப்பதென்று 2023இல் நாடுகள் முடிவெடுத்தன. பாதரசம் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் கிரீமுக்கு வீட்டில் மறுப்பில்லை. இரவில் கழுவினால் போய்விடுகிற நிறத்துக்கு மட்டும் ஊரே நீதிபதி. இவர்களுக்கு இடைஞ்சல் பணச் செலவு அல்ல என்பது இதிலேயே தெரிகிறது. கறுத்த பெண் தன் கறுப்பை மறைக்கச் செலவழித்தால் அது பொறுப்பு, அதைக் கொண்டாடச் செலவழித்தால் அது ஆடம்பரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கைத்தான் நான் அடியோடு நிராகரிக்கிறேன்.

பேலட்டைப் பற்றி நியாயம் பேச வேண்டும் என்றால் பேசுவதற்கு வேறு விஷயம் இருக்கிறது. மினுக்கம் தரும் மைக்காவில் கணிசமான பங்கு ஜார்க்கண்ட், பீகார் மலைகளிலிருந்து வருகிறது. அங்கே கைவிட்ட சுரங்கங்களில் பிள்ளைகள் இறங்கி மைக்கா பொறுக்குவதையும், சரிவில் புதைந்து இறந்துபோவதையும் 2016இல் தோம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் வெளியில் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டே நிறுவனங்கள் சேர்ந்து பொறுப்பான மைக்காவுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கின. பல நிறுவனங்கள் செயற்கை மைக்காவுக்கு மாறிவருகின்றன. நம் பாட்டன் பாட்டிமாரின் வேர்வை உலகத்தின் தேநீர்க் கோப்பைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் போனது போல, இந்தப் பிள்ளைகளின் வேர்வையும் பேலட்டுக்குள் மறைந்துபோகக் கூடாது. கடைக்காரரிடம் மைக்கா எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் உரிமை மலையகத்துப் பெண்ணுக்கு மற்ற எவரையும்விட அதிகம். அந்தக் கேள்வியைக் கேட்காமல் அவளுடைய இமை நிறத்தைப் பற்றி மட்டும் கேள்வி கேட்பவர்கள் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

கண்டி டவுனில் பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பவர்கள், கறுத்த பெண்ணுக்கு ஸ்மோக்கி கூடாது என்ற விதியை நீக்க வேண்டும். பயிற்சிக்கு உட்காரும் பெண்களில் ஒருவராவது கறுத்தவராக இருக்க வேண்டும். கடைக்காரர்கள் சோதித்துப் பார்க்கத் தரும் பேலட்டை விரல் மூட்டில் தேய்த்துக் காட்டி விற்க வேண்டும். பெட்டியின் பின்னால் உள்ள நிறமி எண்களில் சி.ஐ. 77266 என்று இருந்தால் அது கார்பன் பிளாக், சி.ஐ. 77499 என்றால் கரிய இரும்பு ஒக்சைடு, சி.ஐ. 77891 என்றால் டைட்டேனியம் வெள்ளை. எல்லாக் குழிக்கும் சேர்த்து ஒரே பட்டியலைப் போட்டிருந்தால் அது பாதி உண்மையைத்தான் சொல்லும். மீதியை மூட்டுத் தேய்ப்பு சொல்லிவிடும். சாம்பல் பூத்தால் தட்டைத் திருப்பிக் கொடுங்கள், இது எங்கள் தோலுக்குச் செய்யப்படவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். நூறு பேர் அப்படிச் சொன்னால் இறக்குமதிக்காரர் அடுத்த பெட்டியை வேறு இடத்திலிருந்து எடுப்பார். சந்தைக்குக் காசு புரியும்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மகள் கல்யாணத்தன்று ஸ்மோக்கி போட வேண்டும் என்று நான் வற்புறுத்த வரவில்லை. மை ஒரு கோடு போதும் என்று அவள் சொன்னால் அதுவும் அழகுதான். அவள் கேட்டபோது, "நீ கறுப்பு, உனக்கு ஒத்துவராது" என்ற பதிலை மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பதில் பொய் என்பதற்கு மேலே இவ்வளவு காரணம் எழுதியிருக்கிறேன். பொய் என்று தெரிந்த பிறகு அதைப் பெற்ற பிள்ளையிடம் சொல்வதற்கு எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் உரிமை இல்லை.